ஏறுந்திறன் பிறப்பால் வருவதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை. கீரிமலை என்னும் பெயரை நம்பி மலையைத் தேடிச் செல்பவர் அங்கே கடலையும் கேணியையுமே காண்பர். சுண்ணாம்புக்கற் படுக்கையின்மீது தட்டையாக விரிந்து கிடக்கும் இந்நிலத்தில், மனிதன் தரையைவிட்டு மேலே ஏறுவதற்கு இயற்கை வழங்கிய வழிகள் இரண்டே. ஒன்று தென்னை, மற்றையது பனை. தலைமுறை தலைமுறையாக இம்மரங்களில் ஏறி இறங்கியோரின் உழைப்பினால் இக்குடாநாடு உண்டது, குடித்தது, கூரை வேய்ந்தது, வேலி அடைத்தது. ஆயினும் அவ்வேறுதலை ஒரு கலையென்றோ, பயின்று பெற்ற திறனென்றோ சொல்ல யாழ்ப்பாணச் சமூகம் முன்வந்ததில்லை. அதன் அகராதியில் மரமேறுதல் ஒரு சாதியின் குணம். மரமேறி என்பது ஒரு வசைச்சொல்.

இச்சமூகம் ஏறுதலை வசையாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகின் வேறு பாகங்களில் ஏறுதல் ஓர் அறிவுத்துறையாக வளர்ந்தது என்பது நோக்கற்பாலது. 1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்த டொன் றொபின்சன் என்பார், பல்கலைக்கழகத்து நடைகூடமொன்றின் சுவரிலே கற்களைப் பதித்தார். பாறைக்குச் செல்ல முடியாத நாளிலும் மாணவர் ஏறிப் பயில வேண்டும் என்பதே அவர் எண்ணம். அன்று ஒரு நடைகூடத்தில் தொடங்கிய அம்முயற்சியிலிருந்தே, கூரையின்கீழ் அமைந்த செயற்கைச் சுவர்களில் ஏறும் இன்றைய விளையாட்டு பெருமளவு வளர்ந்தது. 1988ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரத்து உடற்பயிற்சிக்கூடமொன்றில் வொல்ஃப்காங் குல்லிக் என்னும் ஏறுநர், சாய்வான பலகையில் மெல்லிய மரச்சட்டங்களை ஏணிப்படிகள்போல அறைந்து, கால்களின் உதவியின்றி விரல்களாலேயே தாவித் தாவிப் பயின்றார். கம்பஸ் என்ற அக்கூடத்தின் பெயரே அப்பலகைக்கும் பெயராயிற்று. 1991இல் பிராங்கன்ஜுராப் பாறையொன்றில் 'அக்சன் டிரெக்ற்' என்னும் வழியை அவர் ஏறி முடித்தபோது, அதுகாறும் மனிதர் ஏறியவற்றுள் மிகக் கடினமானதாக அது மதிக்கப்பட்டது. அவரது விரல்களின் பலம் ஒரு பலகையிலே நாள்தோறும் உழைத்துப் பெற்ற பலம். அவருடைய குலத்தை எவரும் விசாரிக்கவில்லை.

2020ஆம் ஆண்டுக்குரியதாகி 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலே சுவரேறுதல் முதன்முறையாக இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் விரைவேற்றத்துக்கெனத் தனிப் பதக்கம் வழங்கப்பட்டது. பதினைந்து மீற்றர் உயரம், ஐந்து பாகை முன்சாய்வு, எங்கும் ஒரே ஒழுங்கில் அமைந்த பிடிகள் என்பன அப்போட்டிச் சுவரின் இலக்கணம். அதனை அமெரிக்கரான சாம் வாற்சன் 4.74 செக்கனில் ஏறினார். தங்கத்தை வென்றவரோ 4.75 செக்கனில் இறுதிப் போட்டியை முடித்த இந்தோனேசியரான வெத்ரிக் லெயொனார்டோ. பட்மின்ரன் தவிர்ந்த ஒரு விளையாட்டில் இந்தோனேசியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவர் பிறந்த பொந்தியானக் நகரம் பூமத்தியரேகை ஊடறுத்துச் செல்லும் ஆற்றுச் சமவெளியில் அமைந்தது. அங்கும் மலையில்லை. மலையில்லாத ஊரார் ஏறுதலிற் சிறந்து விளங்க முடியாது என்னும் கூற்றுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

இவ்விளையாட்டிற்குத் தேவையான உடற்றிறன்கள் இரு வகையின. ஒன்று வலு, மற்றொன்று தாங்குதிறன். பௌதிகத்தில் வலு எனப்படுவது ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலையாகும். எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அப்பதினைந்து மீற்றர்ச் சுவரை ஐந்து செக்கனுக்குள் ஏறுவாராயின், அவர் உடல் ஏறத்தாழ இரண்டாயிரம் வாற்று வலுவைப் பிறப்பிக்கின்றது. அஃதாவது இரண்டரைக் குதிரைவலுவுக்கும் மேல். வழியேற்றம் எனப்படும் போட்டியிலோ ஆறு நிமிட எல்லைக்குள் இயன்ற உயரம்வரை ஏறவேண்டும். அங்கு வெல்பவர், முன்கை மரத்துப்போகும் கணத்தை மற்றவரைவிடச் சற்றே தள்ளிப்போடத் தெரிந்தவர்.

இவ்விரண்டும் எவ்வாறு பெறப்படுகின்றன? வலுவைப் பெறும் வழி உச்ச முயற்சியும் நிறைந்த ஓய்வும். இருபது மில்லிமீற்றர் அகலமான மரவிளிம்பில் விரல்களால் ஏழு, எட்டு, பத்துச் செக்கன்வரை தொங்குவர். பின் மூன்று நிமிடமோ அதற்கு மேலோ ஓய்வர். தசையிலுள்ள அடினோசின் முப்பொசுபேற்றும் கிரியற்றீன் பொசுபேற்றும் அக்குறுகிய வேளைக்கே போதுமானவை. அவை மீள நிரம்பும்வரை பொறுத்திராது மீண்டும் தொங்குபவர் வலுவைப் பயிலவில்லை, களைப்பையே பயில்கிறார். இத்தகைய பயிற்சியின் தொடக்கத்தில் தசை பருப்பதில்லை. ஒரே வேளையில் மிகுதியான தசைநார்களைச் செயற்படுத்த நரம்புகளே முதலிற் கற்றுக்கொள்கின்றன. எனவே பலம் என்பதன் முதற்படியும் ஒருவகைக் கல்வியே.

தாங்குதிறனுக்கான வழி வேறு. இறுகப் பற்றும்போது முன்கைத் தசைகள் தமக்குள் ஓடும் குருதிக் கலன்களைத் தாமே நெருக்கி அடைத்துக்கொள்கின்றன. பற்றும் விசை கூடக்கூட ஒட்சிசன் வரத்துக் குறைகிறது. ஏழு செக்கன் தொங்கி மூன்று செக்கன் கையை விடுவித்து, இவ்வாறு ஆறுமுறை தொடர்வதன் மூலம், அக்குறுகிய இடைவெளியிலேயே குருதியை மீளப் பெற உடல் பழக்கப்படுகிறது. இருபது முதல் நாற்பது நிமிடம்வரை தரையிறங்காது எளிய வழிகளில் மெல்ல ஏறி இறங்குவதால் தசையினுள் மயிர்க்குழாய்கள் பெருகுகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்தி, முதலில் அடித்தளமான தாங்குதிறன், அடுத்துப் பலம், பின்னர் வலு, இறுதியாக வலுவை நெடுநேரம் நீடிக்கச் செய்யும் பயிற்சி எனப் பருவம் வகுப்பர். 1960களில் சோவியத் அறிஞர் மத்வேயெவ் வகுத்தளித்த காலப்பகுப்புக் கோட்பாட்டின் வழிவந்ததே இந்த ஒழுங்கு. தசை வாரங்களில் வளரும். தசைநாணும் மூட்டிணையமும் அதைவிட மெதுவாகவே உறுதிபெறும். அவசரப்பட்டவரின் விரலை அவசரமே முறித்துவிடும்.

இங்கே சற்று நின்று வலிகாமத்துப் பனந்தோப்பு ஒன்றினுள் அதிகாலையிலே நுழையும் சீவல் தொழிலாளியை நோக்கவேண்டும்.

பாளை வெளிவரும் பருவத்திலே அவர் மரத்தைத் துப்புரவாக்குகிறார், காவோலையை விழுத்துகிறார், பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் மெல்லிதாகச் சீவி முட்டி கட்டுகிறார். பாளை சுரக்கத் தொடங்கியபின் காலையும் மாலையும் தவறாது ஏறவேண்டும். தவறின் சுரப்பு அடைபடும். பதினைந்து மீற்றர் உயரமான இருபது மரங்களை அவர் காலையும் மாலையும் ஏறுவதாகக் கொள்ளின், ஒரு நாளில் அவர் ஏறும் உயரம் அறுநூறு மீற்றராகும். சமவெளியிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீற்றர் உயர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்றை ஒரு நாளில் மும்முறை ஏறுவதற்கு இது சமன். சிகிரியாவில் இரும்புப் படிகள் உண்டு, நுழைவுச்சீட்டும் உண்டு. பனையிலே இரு கால்களையும் பிணைக்கும் தளநார் ஒன்றே உண்டு.

பருவத்தின் தொடக்கத்தில் அவர் எல்லா மரங்களிலும் ஏறிவிடுவதில்லை. பாளை பதமாகும் ஒழுங்கில் சில மரங்களோடு தொடங்கி, வாரந்தோறும் தொகையைக் கூட்டிச் செல்கிறார். பருவம் உச்சமடையும்போது அவர் உடலும் உச்சத்தை அடைகிறது. பருவம் ஓயும்போது உடல் ஓய்வு பெறுகிறது. ஏறும்போது ஒரே மூச்சில் விரைவதில்லை; கைகளால் மரத்தை அணைத்து, கால்களை மடக்கி உயர்த்தி, தளநாரை மரத்தில் இறுக்கி, தொடையின் பலத்தால் உந்தி எழுகிறார். சோர்வு முன்கைக்கு வருமுன் சுமையைக் கால்களுக்கு மாற்றுகிறார். வட்டுக்குள் அமர்ந்து பாளையைச் சீவும் சில நிமிடங்களே அவருக்குக் கிடைக்கும் இடையோய்வு. உச்ச முயற்சி, இடையோய்வு, படிப்படியான சுமையேற்றம், பருவப் பகுப்பு ஆகிய நான்கும் இங்கே உள்ளன. மத்வேயெவ் எழுதுவதற்கு முன்னரும் அவை இங்கே இருந்தன. எழுதி வைக்கத்தான் எவரும் இருக்கவில்லை.

சுவரேறுதலும் பனையேறுதலும் ஒன்றே எனக் கூறுவது மிகையாகும். சுவரில் விரல்நுனியே முதன்மை பெறும்; பனையில் அணைக்கும் கையும் உந்தும் காலும் முதன்மை பெறும். சுவரில் ஒவ்வொரு வழியும் ஒரு புதிர். பனையில் வழி ஒன்றே, அதனை நாள்தோறும் நாற்பது முறை பிழையின்றிச் செய்வதே சோதனை. ஒன்றிற் சிறந்தவர் மற்றதில் உடனே சிறந்துவிட மாட்டார். ஆனால் இரண்டையும் ஆளும் உடற்றொழிலியல் விதிகள் ஒன்றே. படிப்படியாகச் சுமையேற்றப்பட்ட உடல், ஓய்வின்போது முன்னையதைவிட உறுதியாக மீள்கிறது. எந்த உடலுக்கும் இது பொருந்தும். இதற்கு நிறமில்லை, சாதியில்லை.

யாழ்ப்பாணத்துச் சாதிமான்களின் பழைய வாதமொன்று இவ்விடத்தே நொறுங்கிப் போகிறது. "அவர்களுக்கு அந்த உடல்வாகு பிறப்பிலேயே உண்டு, எங்கள் பிள்ளைகளால் அது இயலாது" என்பது அவ்வாதம். கேட்பதற்கு இது பாராட்டுப்போலத் தோன்றும். உண்மையில் சாதியம் கண்டுபிடித்த சூழ்ச்சிகளுள் மிகக் கூர்மையானது இதுவே. உழைப்பால் வந்த திறனைப் பிறப்பால் வந்ததாக்கிவிட்டால், அத்திறனுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கலாம். பறவைக்குப் பறப்பதற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை அல்லவா? பிறப்பால் வந்ததாக்கிவிட்டால், அதனைச் செய்பவன் வேறொன்றைச் செய்யத் தகுதியற்றவன் என்றும் சாதிக்கலாம். மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தாலும் அதனை அவன் தலைவிதி என்று சொல்லிக் கடந்துபோகலாம். கல்வியிற் சிறந்த தன் மகனை "படித்துக் கெட்டிக்காரனானான்" என்று புகழும் அதே நா, சீவல் தொழிலாளியின் மகனை "பிறவியிலேயே ஏறுகிறான்" என்று சொல்கிறது. ஒருவனுக்கு முயற்சி, மற்றவனுக்குப் பிறவி. இந்த இலக்கணம் எந்த நூலிலிருந்து வந்தது?

பிறவியில் வருமாயின் முதல் நாளே ஏற முடியவேண்டும். எந்தச் சீவல் தொழிலாளியும் முதல் நாளே ஏறியதில்லை. சிறுபராயத்திலே தாழ்ந்த மரத்தில் தொடங்கி, தந்தையோ மாமனோ கீழே நின்று கால் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க, மார்பும் முன்கையும் உரசிப் புண்ணாகி, புண் ஆறிக் காய்ப்பாகி, ஆண்டுகள் பல சென்றே அவர் நெடும்பனையை எட்டுகிறார். அக்காய்ப்பு பிறந்தபோது இருந்ததன்று. அது ஒரு பட்டச் சான்றிதழ். எந்தப் பல்கலைக்கழகமும் வழங்காத சான்றிதழ்.

இச்சமூகத்தின் நடத்தையை வரலாறு பதிந்து வைத்துள்ளது. அவர் இறக்கிய கள்ளைக் குடித்த வாய், அவர் வார்த்த தண்ணீரைக் குடிக்க மறுத்தது. 1930ஆம் ஆண்டளவில் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் வாங்கில் அமர்வதைப் பொறுக்காதோர் கிளர்ந்தெழுந்தனர். வானளாவிய மரத்தின் உச்சியில் அமர அனுமதிக்கப்பட்டவனுக்கு ஒன்றரை அடி உயர வாங்கில் அமர அனுமதியில்லை! 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் தேநீர்க்கடை வாசலையும் கோயில் வாசலையும் திறப்பிக்க 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன. கே. டானியல் 1972இல் வெளியான தம் நாவலுக்குப் 'பஞ்சமர்' எனப் பெயரிட்டது வெறும் இலக்கிய அழகுக்காகவன்று.

இன்று அதே சமூகம் புதியதொரு ஒப்பாரியைத் தொடங்கியுள்ளது. "மரமேற ஆளில்லை, பனைவளம் வீணாகிறது" என்பதே அது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் ஏறுவோர் அருகி வருகின்றனர் என்பதும் மெய்யே. ஆனால் ஆளில்லாமற்போனது ஏன்? ஏறியவனுக்கு மரியாதை இல்லை, காப்புக்கயிறு இல்லை, விழுந்தால் குடும்பத்துக்கு நாதியில்லை, மகனுக்குப் பெண் தேடுகையில் அத்தொழிலைச் சொல்ல முடியாது. இத்தனையையும் செய்து வைத்துவிட்டு ஆளில்லை என்று புலம்புவது, கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணீருக்கு அழுவதையே ஒக்கும். அத்தொழிலைவிட்டு வெளியேறிய இளைஞன் செய்தது குற்றமன்று. அது அவன் உரிமை. சாதித்தொழிலிலிருந்து விடுபடுவதற்கு அவனுக்கிருந்த ஒரே வழி மரத்திலிருந்து இறங்குவதாயிருந்தது. இறங்கியவனை மீண்டும் ஏறச் சொல்ல எவருக்கும் அருகதையில்லை.

அவ்வாறாயின் ஏறுதலைப் போற்ற வேண்டும் என்பது அம்மக்களை மீண்டும் பழைய தளையிற் பிணைப்பதாகாதா எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான ஐயமே. தீர்வு எளிது: எவர் பிள்ளை ஏறவேண்டும் என்பதே வினா; எல்லோர் பிள்ளைகளும் என்பதே விடை. ஒரு சாதியின் பிள்ளைகள் மட்டும் ஏறும்வரை அது தளை. எல்லாப் பிள்ளைகளும் ஏறத் தொடங்கும் நாளில் அது கல்வி. வேளாளரின் மகளும் ஆசிரியரின் மகனும் அதிபரின் பேரனும் பாடசாலை முற்றத்தில் ஒரே கம்பத்தில் ஏறிப் பயில்வார்களாயின், மரமேறி என்னும் வசைச்சொல் எவர்மீது ஒட்டும்?

தொழில் வேறு, விளையாட்டு வேறு. கூலிக்குச் செய்வது எவ்வாறு விளையாட்டாகும் என்பது மற்றுமொரு எதிர்வாதம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஹேவார்ட் என்னும் ஊரில் 1960 முதல் நடத்தப்படும் மரவெட்டுநரின் உலகப் போட்டிகளை இவ்வாதிகள் கேள்விப்பட்டதில்லை போலும். காட்டிலே மரம் தறித்து வயிறு வளர்த்தோரின் தொழிற்றிறன்கள் அங்கே போட்டிகளாயின. அறுபதடி, தொண்ணூறடிக் கம்பங்களில், காலில் முள்ளும் கம்பத்தைச் சுற்றிய கயிறுமாக ஏறி இறங்குவோரைக் காண மக்கள் திரளுகின்றனர். மராட்டிய மண்ணில் மல்லர்களின் பயிற்சிக் கருவியாயிருந்த மல்லர்கம்பம் இந்தியாவில் முறையான விளையாட்டாக வளர்ந்து, 2013இல் மத்தியப் பிரதேசத்தின் மாநில விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் விழுப்புரத்திலும் அது பயிலப்படுகிறது. குடாநாட்டு ஊர்களிலேயே புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் வழுக்குமரம் ஏறுபவனுக்குக் கைதட்டலும் பரிசும் உண்டு. மறுநாட் காலையில் முட்டியோடு அதே உயரத்தைத் தாண்டி ஏறுபவனுக்கு அவை இல்லை. வேறுபாடு ஏறுதலில் இல்லை. பார்ப்பவரின் கண்ணிலேயே உள்ளது.

மூன்றாவது எதிர்ப்பு ஒழுக்கத்தின் பெயரால் வருவது. பனையேறுதலைப் போற்றுவது கள்ளைப் போற்றுவதாகும் என்பர். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் அதே சாறு கருப்பநீராகிறது; காய்ச்சினால் பனங்கட்டியாகிறது. குடியை ஒழிக்க விரும்புவோர் குடிப்பவனைத் திருத்தட்டும். ஏறுபவனை இகழ்ந்து எந்தக் குடியும் ஒழிந்ததாக வரலாறில்லை.

நகரத்துச் செல்வர் சிலருக்கோ இவை எதுவும் பொருட்டன்று. வெளிநாட்டிற் கண்ட செயற்கைச் சுவரொன்றைக் கட்டணம் வாங்கி இங்கும் நடத்திவிட்டால் போதும் என்பர். சுவர் வரட்டும்; தடையில்லை. ஆனால் அச்சுவரில் ஏறும் சிறுவனுக்கு இடுப்புவாரும் காப்புக்கயிறும் கயிறு பிடிக்கும் பயிற்றுநரும் இருக்க, மதிலுக்கு அப்பாலுள்ள பனையில் ஒரு குடும்பத் தலைவன் காப்பின்றி ஏறிக்கொண்டிருப்பானாயின், அச்சுவர் இச்சமூகத்தின் நாகரிகத்துக்குச் சான்றாகாது, நாணமின்மைக்கே சான்றாகும். விளையாடுபவனின் உயிருக்கு வழங்கப்படும் காப்பு உழைப்பவனின் உயிருக்கு முதலில் வழங்கப்படவேண்டும். இடுப்புவாரும் கயிறும் விண்வெளியிலிருந்து வரவேண்டிய பொருள்களல்ல.

செய்யவேண்டியவை மிகப் பலவல்ல. முதலாவது, சீவல் தொழிலாளர்க்கு ஏற்ற காப்புக்கயிற்று முறையொன்றை, அவர்களோடு கலந்து, அவர்கள் வேகத்தையும் பழக்கத்தையும் கெடுக்காத வகையில் உருவாக்குதல். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபைக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இது கடமை. இரண்டாவது, விபத்துக் காப்புறுதியைச் சலுகையாகவன்றி உரிமையாக வழங்குதல். மூன்றாவது, பாடசாலைகளில் ஏறுதலை உடற்கல்வியின் ஒரு பகுதியாக்குதல். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நிலத்தில் நட்ட மரக்கம்பமும், சாய்த்து நிறுத்திய பலகைச்சுவரும், கீழே விழுவோரைத் தாங்கும் மெத்தையும், கயிறு பிடிக்கக் கற்ற ஆசிரியரும் போதும். வளரும் பிள்ளைகளின் விரலெலும்பில் வளர்ச்சித்தட்டு மூடாதிருக்கையில் குல்லிக்கின் பலகைபோன்ற கடும்பயிற்சிகள் கூடா. எளிய வழிகளில் நெடுநேரம் ஏறி இறங்கும் தாங்குதிறன் பயிற்சியே அவர்களுக்கு ஏற்றது. அப்பயிற்சியைக் கற்பிக்க முதற்கண் அழைக்கப்பட வேண்டியவர்கள் ஊரிலுள்ள முதிய சீவல் தொழிலாளர். அவர்கள் பாடசாலை வாயிலால், ஆசிரியராக, ஊதியத்தோடு நுழையவேண்டும்.

நான்காவது கடமை பல்கலைக்கழகத்துக்குரியது. யாழ்ப்பாணத்தில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. 1978 முதல் அங்கு மருத்துவ பீடம் இயங்குகிறது. இருதயத் துடிப்பையும் ஒட்சிசன் நுகர்வையும் அளக்கும் அறிவு அங்குண்டு. அவ்வறிவு பனையடிக்குச் செல்லட்டும். ஏறுபவரின் உடல் எவ்வாறு பழகியது, எந்த மூட்டு எந்த வயதில் நொந்தது, எத்தகைய ஓய்வு அதனை ஆற்றியது என்பன முறையாக அளந்து எழுதப்படட்டும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் தம் நடைகூடத்துச் சுவரைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு விளையாட்டு வளர்ந்தது. பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே நிற்கும் பனையைப் பார்ப்பதற்கு அதைவிடக் குறைந்த கற்பனையே போதும்.

உயரத்தை வெல்வது இம்மண்ணின் பிள்ளைகளுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளை நிலைநாட்டினார். இவர்களை இச்சமூகம் தோளில் தூக்கிக் கொண்டாடியது, கொண்டாடியதும் முறையே. இவர்கள் பிறவியால் வென்றார்கள் என்று எவரும் சொல்லவில்லை. பயிற்சியால் வென்றார்கள் என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லைப் பனையடியில் நிற்பவனுக்கும் சொல்வதற்கு இத்தனை தயக்கம் ஏன்?

மரமேறுபவனை எட்டுமட்டுந்தான் தாங்கலாம் என்பது பழமொழி. கைக்கு எட்டாத உயரத்துக்கு அவன் சென்றபின் கீழே நிற்பவரால் ஆவது ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். இப்பழமொழியைச் சொல்லிச் சொல்லியே யாழ்ப்பாணச் சமூகம் தன் பொறுப்பைக் கைகழுவி வந்துள்ளது. ஆயினும் அது எட்டுமட்டுமாவது என்றேனும் தாங்கியதா என்பதே கேள்வி. எட்டும் உயரத்தில்தான் வாங்கு இருந்தது; தேநீர்க் குவளை இருந்தது; கோயில் வாசற்படி இருந்தது. அந்த உயரத்திலேயே கையை விரித்தோர், எட்டாத உயரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. இன்று கயிறு என்று ஒன்று உண்டு. அது கைக்கு எட்டாத உயரத்திலும் தாங்கும். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பதற்கு இச்சமூகம் கற்றுக்கொள்ளுமா என்பதே இனி விடைகாண வேண்டிய வினா.